இரண்டு மைக்கைக் கழித்தால் குரலும் சேர்ந்து கழிகிறது: ஈயின் காதும் சிறு திசை மைக்கும்

வண்டியூர்_வாசி:
அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 74 வயது. இரண்டு ஆண்டுகளாகக் காது மெஷின் அணிகிறார். வீட்டுக்குள் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பெரியார் பேருந்து நிலையத்திலோ கல்யாண மண்டபத்திலோ போய் நின்றால், எதிரே நிற்பவர் பேச்சைத் தவிர மற்ற எல்லாம் கேட்கிறது என்று சொல்லி, மெஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்கிறார்.

யூபிஎஸ், இன்வெர்ட்டர் பழுது பார்ப்பது என் தொழில். அந்தத் துணிச்சலில், முன்பக்க ஒலியை மட்டும் எடுக்கும் சிறு மைக் ஒன்றை நானே செய்து பார்க்க இறங்கினேன். ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையோடு இணைக்கும் வட்டமான டிஜிட்டல் மைக் இரண்டு வாங்கி, ஓரங்களை அரத்தால் தேய்த்து, துளைகளுக்கு இடையே 12 மி.மீ. இருக்கும்படி முன்னும் பின்னுமாகப் பொருத்தினேன். பலகை ஒலியை நொடிக்கு 48,000 முறை அளக்கிறது; ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. பின் மைக்கின் ஒலியை ஒரு மாதிரி அளவு தாமதப்படுத்தி, முன் மைக்கின் ஒலியிலிருந்து கழித்தேன்.

திசை ஓரளவு கிடைத்தது. ஆனால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மெலிந்துவிட்டது. அடியில் ‘சோ’ என்று மழை பெய்கிற இரைச்சல். இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை: நேர் பின்னால் நிற்பவர் பேச்சு கொஞ்சம் கேட்கிறது, பின்புறம் சற்றுப் பக்கவாட்டில் நிற்பவர் பேச்சுதான் மறைகிறது. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் காது வைத்திருக்கும் ஒரு ஈ இதே வேலையைப் பிசகில்லாமல் செய்கிறது என்று படித்தேன். 12 மி.மீ. வைத்துக்கொண்டு நான் ஏன் தடுமாறுகிறேன்?

சுவர்க்கோழி_டீச்சர்:
அந்த ஈயின் பெயர் ஓர்மியா ஓக்ரேசியா. அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்தது; நம் ஊரில் தேடிப் பயனில்லை. பெண் ஈ இருட்டில் பறந்து, கத்துகிற ஆண் சுவர்க்கோழியைக் கண்டுபிடித்து, அதன் மேலும் அருகிலும் புழுக்களை விட்டுவிடும். புழு உள்ளே துளைத்து நுழைந்து, உயிரோடு தின்று வளர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் வெளியேறும், சுவர்க்கோழி சாகும். ஆகவே, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது இந்த ஈக்கு வம்சப் பிரச்சினை.

நம் அடுப்படியில் ஒரு சுவர்க்கோழி கத்தினால் என்ன நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று பேர் டார்ச் அடித்துத் தேடுவோம். ஒருவர் அரிசி டிரம்முக்குப் பின்னால் என்பார், ஒருவர் சிலிண்டர் பக்கம் என்பார். காதுகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத் தலை இருந்தும் நமக்கு அந்த ஒற்றைச் சுருதி பிடிபடுவதில்லை. ஈக்கோ செவிப்பறைகள் இரண்டும் தலைக்குக் கீழே, மார்பின் முன்புறத்தில், ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. நடு இடைவெளி சுமார் அரை மி.மீ. ஒலி நேர் பக்கவாட்டில் இருந்து வந்தால்கூட ஒரு காதுக்கும் மறு காதுக்கும் சென்று சேரும் நேர வேறுபாடு 1.5 மைக்ரோ செகண்டுதான். ஒலியின் வலிமையில் வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடலாம், ஏனெனில் சுமார் 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 செ.மீ.; அதன் முன் இந்தச் சிற்றுடல் நிழலே விழுத்தாது.

1992-ல் டேனியல் ராபர்ட், ரொனால்ட் ஹாய் முதலியோர் இந்தக் காதை விவரித்தார்கள். 1995-ல் பொறியாளர் ரொனால்ட் மைல்ஸும் சேர்ந்து அதன் இயக்கத்தை விளக்கினார். இரண்டு செவிப்பறைகளையும் நடுவில் தாங்கல் உள்ள ஒரு விறைப்பான பாலம் இணைக்கிறது. பிள்ளைகள் ஏறி ஆடுகிற ஏற்றப்பலகையைப் போன்றது என்று கொள்ளுங்கள். ஆனால் பலகையே கொஞ்சம் வளையும். இந்த இணைப்பினால் 1.5 மைக்ரோ செகண்ட் வேறுபாடு, செவிப்பறைகளின் அசைவில் 50 மைக்ரோ செகண்டுக்கும் மேலாகப் பெருகிவிடுகிறது. ஒலி வந்த பக்கத்துச் செவிப்பறை மற்றதைவிடப் பலமாகவும் அசைகிறது. நரம்புக்குச் செய்தி போகும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. 2001-ல் ஈயை ஒரு பந்தின் மேல் நடக்கவிட்டுச் சோதித்தபோது, 2 பாகை மாற்றத்தைக்கூட அது உணர்ந்து திரும்பியது.

கொசுறாக ஒன்று: ஹவாயின் கவாய் தீவில் இந்த ஈயின் தொல்லை தாங்காமல், 20 தலைமுறைக்குள் அங்குள்ள ஆண் சுவர்க்கோழிகளில் பெரும்பாலானவை சிறகில் ஒலி எழுப்பும் அமைப்பையே இழந்து ஊமையாகிவிட்டன. அந்தக் காதின் துல்லியத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

திருமங்கலத்தான்:
டீச்சர் சொன்னதில் ஒரு சொல்லை நான் அடிக்கோடிடுகிறேன்: இணைப்பு. வண்டியூர் அண்ணன் இரண்டு தனி மைக்குகளை வைத்துக் கழிக்கிறார். ஈயின் காதில் கழித்தல் கணக்கு உடம்பிலேயே நடக்கிறது. நான் பெங்களூரில் மெம்ஸ் எனப்படும், சிலிக்கானில் செதுக்கும் நுண் உணரிகள் தொடர்பான வேலையில் இருப்பவன் என்பதால், முதலில் அண்ணனின் மூன்று குறைகளையும் எண்ணாக்கிவிடுகிறேன்.

12 மி.மீ. தூரத்தைக் கடக்க ஒலிக்கு 35 மைக்ரோ செகண்ட் ஆகும். நீங்கள் கொடுத்த தாமதம் ஒரு மாதிரி, அதாவது 20.8 மைக்ரோ செகண்ட். நேர் பின்னாலிருந்து வரும் ஒலி முழுதாக அழிய இந்த இரண்டும் சமமாக இருக்க வேண்டும். சமமில்லாததால் உங்கள் பூஜ்ஜியம், அதாவது ஒலி அழியும் திசை, நேர் பின்னால் விழாமல், முன்பக்கத்திலிருந்து அளந்தால் இருபுறமும் சுமார் 126 பாகையில் விழுகிறது. ஒலித்துறையில் சூப்பர் கார்டியாய்டு என்று பெயரிட்டு விற்கும் வடிவத்தை நீங்கள் அறியாமலே செய்திருக்கிறீர்கள். அது குற்றமில்லை, நேர் பின்னால்தான் அழிய வேண்டும் என்றால் துளைகளின் இடைவெளியை 7 மி.மீ. ஆக்குங்கள், ஒரு மாதிரித் தாமதம் அப்படியே பொருந்தும்.

குரல் மெலிவது ஏன் என்றால், தாழ்ந்த சுருதியின் நீண்ட அலைக்கு 12 மி.மீ. என்பது ஒன்றுமே இல்லை. இரண்டு மைக்குக்கும் கிட்டத்தட்ட ஒரே ஒலி போகிறது. கழித்தால் மிஞ்சுவது சொற்பம். உங்கள் அமைப்பில் 1000 ஹெர்ட்ஸில் முன்பக்க ஒலியே 9 டெசிபல் குறையும், 200 ஹெர்ட்ஸில் 23 டெசிபல் குறையும். ஆனால் ஒவ்வொரு மைக்கின் உள்ளிரைச்சலும் தனித்தனி. கழித்தாலும் அது அழியாது, இரண்டும் கூடி 3 டெசிபல் ஏறும். அடித்தொனியை மீட்க நீங்கள் ஒலியைக் கூட்டினால் அந்த மழையும் கூடவே கூடுகிறது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. 200 ஹெர்ட்ஸில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய உண்மையான வேறுபாடு மொத்த ஒலியில் 7 விழுக்காடு. ஒரே அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மைக்குகளுக்குள் 1 டெசிபல் உணர்திறன் வேறுபாடு சாதாரணம். அது 12 விழுக்காடு. அதாவது திசை பற்றிய செய்தியைவிட, மைக்குகளின் பொருத்தமின்மை பெரியது. தராசின் தட்டு இரண்டும் ஒரே எடை இல்லாதபோது குன்றிமணியை எடைபோட முடியுமா?

உசிலை_மைக்செட்:
முப்பது வருடமாக மைக் செட் போடுகிறேன். கணக்கு தெரியாது, ஆனால் இந்த விஷயம் கைப்பழக்கத்தில் தெரியும். மேடைப் பேச்சாளர் சிலர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள். பிடித்த மறு நொடி ஸ்பீக்கர் ஊளையிடும். நாங்கள் கீழேயிருந்து ‘கழுத்தைப் பிடிங்க ஐயா’ என்று சைகை காட்டுவோம். மைக் தலையைக் கழற்றிப் பார்த்தால் முன்பக்கம் வலை இருப்பது போல, படலத்துக்குப் பின்பக்கமும் சிறு துளைகள் இருக்கும். பின்னாலிருந்து வரும் சத்தம் முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்து, படலம் அசையாமல் நிற்கும் என்று என் ஆசான் சொல்லிக் கொடுத்தார். துளையைப் பொத்தினால் மைக் நாலாபக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். அங்கே ஒரே படலம்தான், இரண்டு மைக் இல்லையே. தம்பி ஏன் இரண்டு வைத்துக் கழிக்கிறார்?

திருமங்கலத்தான்:
அண்ணன் கேட்டது சரியான கேள்வி. 1939-ல் ஷூர் நிறுவனத்துக்காக பெஞ்சமின் பாவர் வடிவமைத்த மைக் இந்த முறையில் உருவானதுதான்; ஒற்றைப் படலம், பின்புறத் துளை, துளைக்குள் ஒலியைத் தாமதப்படுத்தும் அறை. கழித்தலைக் காற்றழுத்தமே செய்துவிடுவதால் ‘இரண்டு மைக் பொருந்தவில்லை’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுவர்க்கோழி_டீச்சர்:
அப்படியானால் பாவருக்கு முன்பே சுவர்க்கோழி அதைச் செய்துவிட்டது. அதன் காது முன்னங்காலில், முட்டிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. உடம்புக்குள் ஓடும் மூச்சுக்குழல் ஒன்று செவிப்பறையின் பின்பக்கத்துக்கும் ஒலியைக் கொண்டுவருகிறது. வேட்டையாடப்படுகிற பூச்சி குழாய் வைத்தும், வேட்டையாடுகிற ஈ பாலம் வைத்தும் ஒரே சிக்கலைத் தீர்த்திருக்கின்றன.

வண்டியூர்_வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஆக, ஈயின் காதை அப்படியே சிலிக்கானில் செதுக்கிக் காது மெஷினில் வைத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா? ஏன் கடையில் கிடைக்கவில்லை?

திருமங்கலத்தான்:
அப்படியே செதுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. இந்தத் துறையில் ‘ஈயைப் போல’ என்ற சொற்றொடர் படுத்துகிற பாட்டைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஈயிடம் எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்துப் பார்ப்பவர் குறைவு.

ஈயின் காது இரண்டு விதமாக ஆடும். ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கும் ஆட்டம் ஒன்று; அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 7 கிலோஹெர்ட்ஸ். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறி இறங்கும் ஆட்டம் இன்னொன்று. அது சுமார் 31 கிலோஹெர்ட்ஸ். முதலாவது ஆட்டம் இரண்டு காதுகளின் அழுத்த வேறுபாட்டைப் பிடிக்கிறது, இரண்டாவது சராசரியைப் பிடிக்கிறது. ஒலி வந்த பக்கத்தில் இரண்டு ஆட்டமும் கூடுகின்றன, மறுபக்கத்தில் ஒன்றையொன்று தின்கின்றன. இந்தக் கூட்டலும் கழித்தலும் கச்சிதமாக அமைவது சுவர்க்கோழி கத்துகிற 5 கிலோஹெர்ட்ஸ் அருகில் மட்டும். ஈக்கு அது போதும். அதன் வாழ்க்கையில் ஒரே ஒரு பாட்டுத்தான். அம்மாவுக்கோ 200 ஹெர்ட்ஸ் முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். ஈயை அச்சுப் பிசகாமல் நகலெடுத்தால், சுவர்க்கோழிக்கு அருமையான மைக் கிடைக்கும்.

பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் குழுவினர் செய்ததைப் பாருங்கள். சேர்ந்து ஏறி இறங்கும் ஆட்டத்தை விட்டுவிட்டு, ஏற்றப்பலகை ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1 மி.மீ.க்கு 2 மி.மீ. அளவில் விறைப்பான சிலிக்கான் தகடு. நடுவில் மெல்லிய கீல். இரண்டு பக்கத்திலும் அழுத்தம் சமமாக இருந்தால் தகடு நகராது. வேறுபாடு இருந்தால் சாயும். கழித்தல் கீலிலேயே முடிகிறது. நான் மேலே சொன்ன 12 விழுக்காட்டுத் தொல்லை இங்கே இல்லை.

ஆனால் சாய்வு மிகச் சிறிது. அதை அளப்பது எப்படி? வழக்கமான மெம்ஸ் மைக்கில் படலத்துக்கு மிக அருகே இன்னொரு தகட்டை வைத்து, மின்னழுத்தம் கொடுத்து, இரண்டுக்கும் நடுவே மின்சாரம் தேங்கும் அளவு மாறுவதை அளப்பார்கள். அந்தக் குறுகிய சந்துக்குள் அகப்பட்ட காற்று படலத்தைப் பிடித்திழுக்கும். எங்கே உராய்வு உண்டோ அங்கே வெப்ப இரைச்சலும் உண்டு. மேலும், அந்த மின்னழுத்தமே படலத்தைத் தன் பக்கம் இழுக்கும் என்பதால் கீலை வேண்டிய அளவு நொய்மையாகச் செய்ய முடியாது. அதனால் அவர்கள் பின் தகட்டை நீக்கிவிட்டு, தகட்டின் ஓரத்தில் நுண்ணிய சீப்புப் போன்ற பற்களை வெட்டி, லேசர் ஒளி அதில் பட்டுச் சிதறுவதை வைத்து அசைவை அளந்தார்கள். அந்த முடிவுகள் 2009-ல் வெளிவந்தன. என்னைக் கேட்டால், அந்த வேலையின் உயிர் ஈ இல்லை, இந்த இரைச்சல் ஒழிப்புத்தான். திசை கிடைப்பது எளிது; திசையும் கிடைத்து இரைச்சலும் ஏறாமல் இருப்பதே கடினம். பின்னர் மான்ட்ரியலைச் சேர்ந்த சவுண்ட்ஸ்கிரிட் என்ற நிறுவனம் இந்த வழியில் வந்த திசை மைக்குகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே கடைக்கு வரவே இல்லை என்று சொல்ல முடியாது.

செவிச்_சோதகர்:
காது பரிசோதனை செய்பவள் என்ற முறையில், கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. நேர் பின்னால் அழியும் கார்டியாய்டு என்றாலும், முன்னும் பின்னும் சமமாகக் கேட்டுப் பக்கவாட்டில் அழியும் எட்டு வடிவம் என்றாலும், நாலாபுறமும் சமமாகச் சூழ்ந்த இரைச்சலுக்கு எதிராகக் கிடைக்கும் ஆதாயம் கோட்பாட்டளவில் 4.8 டெசிபல், இப்படி ஒரே ஒரு முறை கழிக்கும் எந்த முதல்நிலைத் திசை மைக்கும் 6 டெசிபலைத் தாண்டாது. காதுக்குப் பின்னால் மாட்டினால் அதுவும் குறையும். சொற்பம் என்று எண்ண வேண்டாம். கேட்டும் கேளாத எல்லையில் 2 டெசிபல் கூடினாலே பாதி புரிந்த வாக்கியம் பெரும்பாலும் புரிந்துவிடும்.

மண்டபம் வேறு கதை. 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். தரையெல்லாம் கிரானைட், சுவரெல்லாம் டைல்ஸ். எதிரொலி அடங்க இரண்டரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பேசுபவரிடமிருந்து சுமார் 1.25 மீட்டருக்கு அப்பால் நேரடிக் குரலைவிடச் சுவர் திருப்பியடிக்கும் குரலே பெரிது. நல்ல கார்டியாய்டு மைக் அந்த எல்லையை 2 மீட்டர் சொச்சத்துக்குத் தள்ளும். பந்தியில் எதிர் வரிசையில் இருப்பவருடன் பேச அது உதவும். மணமேடையில் நடப்பதைக் கேட்க உதவாது. திருமங்கலத்துத் தம்பி அடித்தொனி இழப்பைப் பெரிதாகச் சொன்னார்; ஆனால் காதை முழுதும் அடைக்காத மெஷின்களில் தாழ்ந்த ஒலி இடைவெளி வழியே நேராகவே உள்ளே போய்விடுவதால், சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே கழித்தலை விட்டுவிட்டு ஒற்றை மைக்கை ஓடவிடலாம். இரைச்சலும் குறையும்.

நாகமலை_மாணவி:
நான் இயற்பியல் இளங்கலை படிக்கிறேன். ஈயின் காதை 100 மடங்கு பெரிதாக்கிச் செய்தால் கண்ணால் பார்க்கலாமா? இடைவெளி 5 செ.மீ., ஒலி 50 ஹெர்ட்ஸ் என்று எடுத்தால் அலைநீளத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் தகடாக உதவும்.

திருமங்கலத்தான்:
தாராளமாகச் செய்யலாம். 50 ஹெர்ட்ஸ் மட்டும் வேண்டாம். கரண்டு ரீங்காரமும் அதுவே என்பதால் எது எது என்று தெரியாமல் போகும். 45 வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் பின்புறம் மூடிய பெட்டியாக இருக்க வேண்டும்.

உசிலை_மைக்செட்:
18 அங்குல பேஸ் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். இரவில் போட்டால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள், அதையும் சொல்லிவிட்டேன்.

வண்டியூர்_வாசி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். டவுன் ஹால் ரோட்டில் சைக்கிள் வால்வ் டியூப் வாங்கி, இரண்டு மைக் துளைகளிலும் செருகி, வாய்கள் 7 மி.மீ. தூரத்தில் நிற்கும்படி வளைத்துக் கட்டினேன். டியூப் இரண்டும் ஒரே நீளம் இல்லாததால் முதல் நாள் வேலை வீண். பிறகு பிளேடால் ஒரே வெட்டில் இரண்டையும் நறுக்கினேன்.

மைக்குகளைப் பொருத்திப் பார்க்க, இரண்டுக்கும் சம தூரத்தில் பக்கவாட்டில் செல்போனை வைத்து 500 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு அளந்தேன். வேறுபாடு 1.4 டெசிபல். அதைப் பெருக்கலில் சரிசெய்ததும், 1000 ஹெர்ட்ஸில் நேர் பின்புற ஒலி முன்பு 6 டெசிபல்தான் குறைந்தது, இப்போது 17 டெசிபல் குறைகிறது. இடைவெளியைக் குறைத்ததில் இரைச்சல் சற்றுக் கூடியது உண்மை. 500-க்குக் கீழே ஒற்றை மைக் என்ற யோசனை அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிட்டது.

ஹெட்போன் மாட்டி, காய்கறிச் சந்தை வாசலில் அம்மாவை நிறுத்திப் பேசினேன். ‘நீ சொல்வது புரிகிறது, ஆனால் சளிப் பிடித்தவன் மாதிரி பேசுகிறாய்’ என்றார். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அதைப் போட்டுக்கொண்டே வந்தவர், தெப்பக்குளம் திருப்பத்தில் காதிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டார்; காற்று புயல்போல் இரைந்ததாம்.

திருமங்கலத்தான்:
காற்றைச் சொல்லாமல் விட்டது என் பிழை. வேறுபாட்டை எடுக்கும் எந்த மைக்கும் காற்றடிக்கும்போது மோசமாகத்தான் இரையும், ஏனெனில் காற்றுச் சுழிகள் இரண்டு துளைகளையும் வெவ்வேறாகத் தாக்குகின்றன. கழித்தால் அழிவதற்கு அங்கே பொதுவானது எதுவும் இல்லை. டியூப் வாய்களின் மேல் பஞ்சு உறை போடுங்கள். வண்டியில் போகும்போது ஒற்றை மைக்குக்கு மாற ஒரு சுவிட்ச் வையுங்கள்.

நாகமலை_மாணவி:
எங்கள் மாதிரியும் ஆடிவிட்டது. எக்ஸ்ரே ஃபிலிமை இரண்டு சதுரமாக வெட்டி, நடுவில் ஐஸ் குச்சியால் இணைத்து, முறுக்கிய ரப்பர் பேண்டைக் கீலாக வைத்தோம். ஓரத்தில் ஒட்டிய கண்ணாடிச் சில்லில் லேசர் பட்டுச் சுவரில் புள்ளி விழும். முதல் தடவை எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளி ஒரே அளவில் ஆடியது. பேஸ் பெட்டி ஒலியை அனுப்பியதோடு மேசையையும் சேர்த்து உலுக்கியது என்று பிறகுதான் தெரிந்தது. மேசையின் கால்களுக்கு அடியில் பழைய டியூப் டயரை வைத்ததும் வேறுபாடு வந்தது. தகட்டின் நீளவாக்கில் பெட்டியை வைத்தால் புள்ளி இரண்டு விரற்கடை நீளக் கோடாகிறது. குறுக்காக வைத்தால் நெல்மணி அளவுக்குச் சுருங்குகிறது. ஆனால் தகட்டின் ஒரு முனைப் பக்கம் வைத்தாலும் மறு முனைப் பக்கம் வைத்தாலும் ஒரே நீளம். ஈக்கு ஒலி எந்தப் பக்கம் என்று தெரிகிறதே, இதற்கு ஏன் தெரியவில்லை?

திருமங்கலத்தான்:
ஏனென்றால் நீங்கள் செய்தது மைல்ஸின் மைக், ஈயின் காது அல்ல. ஐஸ் குச்சி வளையாததால் ஏற்றப்பலகை ஆட்டம் மட்டும் மிஞ்சியது. அதன் திசை வடிவம் எட்டு, இரண்டு முனையும் சமம். குச்சிக்குப் பதிலாக அதே ஃபிலிமில் ஒரு பட்டையை வெட்டி இணைத்து, இரண்டு ஓரத்திலும் தனித்தனிக் கண்ணாடி ஒட்டிப் பாருங்கள். ஒலி வந்த பக்கத்துப் புள்ளி நீண்டும் மறுபக்கத்துப் புள்ளி குறுகியும் இருந்தால், அது ஈ.

உசிலை_மைக்செட்:
பார்ப்பதை வியாழனுக்குள் பார்த்துவிடுங்கள் பாப்பா. வெள்ளிக்கிழமை பால்குடம், பெட்டி எனக்கு வேண்டும்.